நட்சத்திரம் போட்ட பெயர்கள்

எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் மனைவி சொல்வாள். நான் மறுத்ததில்லை. அரசு அலுவலகம் ஒன்றின் தபால் பிரிவில் முப்பது வருஷம் உட்கார்ந்து, வருகிற கடிதங்களைப் பிரித்துப் பதிவு செய்தவன் நான். உறை ஒட்டியிருக்கிற விதத்தைப் பார்த்தே, வழியில் யாரோ பிரித்துப் படித்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி நேரம் கோந்து மட்டமானதாக இருந்திருக்கும். இப்போதும் பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்க மாட்டேன்.

வேலைக்குப் போன காலத்தில் தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரைக்கும் தினமும் மின்சார ரயில். அப்போது என் உடம்பில் மூன்று சாமான்கள் இருக்கும். சட்டைப் பையில் செல்ஃபோன். பேண்ட்டின் இடது பையில் பாட்டுக் கேட்கிற சின்ன எம்பித்ரீ பிளேயர். வலது பையில் டிஜிட்டல் டைரி. அது துபாயில் இருந்த மச்சினன் கொண்டுவந்து கொடுத்தது. மூடியைத் திறந்தால் உள்ளே கடுகு கடுகாக எழுத்துப் பொத்தான்கள். பிளேயரில் எங்கள் திருச்சபைப் பாடகர் குழுவின் பதிவுகள் இருந்தன. நான் அடிக்குரலில் பேஸ் பாடுகிறவன். ரயிலில் கேட்டுக் கேட்டுத்தான் என் பகுதியை மனப்பாடம் செய்வேன். டைரியில் சபை மக்களின் பிறந்தநாளும் கல்யாண நாளும் இருந்தன.

அந்தப் பட்டியல் என் பொறுப்பு. ஞாயிறு ஆராதனையில், அந்த வாரம் பிறந்தநாளோ கல்யாண நாளோ வருகிறவர்கள் முன்னால் வந்து நிற்பார்கள். நான் பெயர்களை வாசிப்பேன், போதகர் ஜெபிப்பார், குழு ஒரு பாட்டுப் பாடும். அதுபோக, அந்தந்த நாள் காலை ஆறு மணிக்கு நானே ஃபோன் செய்து ஒரு வசனம் சொல்வேன். இறந்தவர்களின் நினைவு நாளுக்கு ஃபோன் கிடையாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டு வருவேன். முதல் வருஷம் எல்லாரும் வருவார்கள். இரண்டாம் வருஷம் நான் மட்டும்தான் இருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

வருஷா வருஷம் ஞாபகப்படுத்த அந்த டைரியில் இருந்தவை இரண்டே தலைப்புகள். பிறந்தநாளுக்குக் கேக் படம், கல்யாண நாளுக்கு மோதிரப் படம். சாவுக்கு ஒரு படம் வைக்க வேண்டும் என்று செய்தவனுக்குத் தோன்றவில்லை. அதனால் நினைவு நாட்களை மோதிரத்தின் கீழே, உயிரோடு இருக்கிற கணவன் அல்லது மனைவியின் பெயரில் ஏற்றி, பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டேன். நட்சத்திரம் போட்டால் அந்த வீட்டில் ஒருவர் இல்லை என்று அர்த்தம். இதை யாரிடமும் சொல்லவில்லை. என் டைரியை ஒருவன் எடுத்துப் படித்தாலும் அவனுக்கு எதுவும் விளங்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

இந்தக் கதையில் இன்னொருவர் பாய். மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர். வாட்ச், கால்குலேட்டர், ரேடியோ என்று ஆரம்பித்துப் பிறகு செல்ஃபோனுக்கு வந்தவர். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போகிற நாட்களில் என்னோடு அதே ரயிலில் வருவார். என் மூன்று பைகளையும் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்:

"இன்னா சார், மூணு பாக்கெட்டுலயும் கடை வெச்சிக்கினு வர்றீங்க. இதெல்லாம் ஒண்ணாயிடும் பாருங்க. ஒரே டப்பா. பேசறதும் அதுல, பாட்டும் அதுல, டைரியும் அதுல."

"ஒருத்தன் ஒரு பாக்கெட்ல கைய விட்டா மூணும் போயிடுமே பாய்."

"போனா வேற வாங்கிக்கலாம் சார். வெயிட்டு கம்மி ஆவும்ல."

பல்லாவரம் வரும்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன். எனக்குத் திருட்டு பயம் மட்டும் இல்லை. டைரிக்கு எல்லாம் தெரியும், பேச வராது. ஃபோனுக்குப் பேச வரும், ஒன்றும் தெரியாது. பிளேயருக்குப் பாட மட்டும்தான் வரும். மூன்றும் ஒன்றாகிவிட்டால், தெரிந்ததையெல்லாம் அது தானாகவே பேச ஆரம்பித்துவிடாதா? இதைப் பாயிடம் சொன்னபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். "அது மிஷின் சார், மாமியார் இல்ல" என்றார்.

பாய் சொன்னபடியே நடந்தது. ரயில் பெட்டியில் எல்லார் கையிலும் ஒரே டப்பா வந்துவிட்டது. நான் மட்டும் ஓய்வு பெற்ற பிறகும் மூன்று சாமான்களோடு திரிந்தேன். இடையில் பாயின் மனைவி காலமானார். அவர் வீட்டு வாசலில் நானும் போய் நின்றேன். நாங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வந்து போகிற சிநேகிதம் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை வாட்சுக்கு செல் மாற்ற அவர் கடைக்குத்தான் போவேன், அவ்வளவே.

மூன்று வருஷத்துக்கு முன்னால் டைரியின் திரையில் கோடு விழ ஆரம்பித்தது. பெரும்பாக்கத்தில் குடியிருக்கிற என் மகள் விஷயம் கேள்விப்பட்டு, பெரிய திரை ஃபோன் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டாள். டைரியில் இருந்ததையெல்லாம் அதற்கு மாற்ற வேண்டும். பழைய வயர், பழைய கம்ப்யூட்டர் எல்லாம் பாய் கடையில்தான் இருந்தன. மனசே இல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் எதிரிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பாதி வேலையில் அவர் தலை நிமிர்ந்தார்.

"சார், இதுல சில பேருக்கு முன்னாடி ஸ்டார் கீதே. அது இன்னா சார்? புதுசுல தனியா வெக்கணுமா?"

படித்துவிட்டார் என்று எனக்குச் சுருக்கென்றது. "அது உங்களுக்கு எதுக்கு பாய்? இருக்கறத இருக்கறபடி மாத்திக் குடுங்க" என்றேன்.

அவர் "செரி சார்" என்று சொல்லிக் குனிந்துகொண்டார். பிளேயரில் இருந்த பாட்டுகளையும் அன்றைக்கே ஏற்றிக் கொடுத்தார். மூன்று பைகளில் இருந்தது ஒரே பைக்கு வந்தது. எனக்கு அந்தப் பை மட்டும் ஒரு பக்கமாக இழுப்பதாகப் பட்டது.

அந்த ஃபோனை நான் ஒருநாளும் நம்பியதில்லை. முன்பக்க கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். அனுமதி கேட்டபோதெல்லாம் இல்லை என்றேன். இருந்தும் வண்டலூரைத் தாண்டி ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால், மறுநாள் காலையில் அந்த மண்டபம் எப்படி இருந்தது என்று அது என்னைக் கேட்கிறது. பெண் வீட்டார்கூட அப்படிக் கேட்கவில்லை. நான் எங்கே போனேன் என்று இதற்கு யார் சொன்னார்கள்? மகளிடம் கேட்டால், "எல்லாருக்கும் அப்படித்தான்ப்பா" என்கிறாள். எல்லாருக்கும் என்றால் சரியாகிவிடுமா?

ஆனால் அடுத்து நடந்ததற்கு நானும் உடந்தை. போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மகள் அந்த ஃபோனில் ஒரு வாழ்த்து ஆப் போட்டுக் கொடுத்தாள். பட்டியலில் தேதி வந்ததும் காலை ஆறு மணிக்கு அதுவே வாழ்த்து அனுப்பிவிடும், கூடவே ஒரு பாட்டும் போகும். பாட்டுக்கு எங்கள் குழுவின் பதிவுகளையே எடுத்து வைத்தாள். "விடியக்காலையில எழுந்து ஒவ்வொருத்தருக்கா பேசிக்கிட்டிருக்கீங்க. இருமல் வேற. கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கப்பா" என்றாள். குளிர்காலம், போர்வைக்குள் இருப்பது சுகமாக இருந்தது, விட்டுவிட்டேன். ஆலயத்தில் பார்க்கிறவர்களெல்லாம் வாழ்த்துக்கு நன்றி சொன்னார்கள். நான் சொல்லாத வாழ்த்துக்கு நன்றி வாங்கிக்கொள்வது ஒருமாதிரி கூச்சமாக இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

குழுவில் எனக்குப் பக்கத்தில் நின்று மேல்குரலில் டெனர் பாடியவர் என் உயிர் நண்பர். சேலையூரில் வீடு. சில வருஷங்களுக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். அவர் மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் டீச்சர் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். நினைவு நாள் சாயங்காலம் நான் அங்கே உட்காருகிற அரை மணியில் அவர் கணவரைப் பற்றிப் பேசுவார். மற்ற நாளில் யாரிடமும் பேசுவதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். எனக்கும் அந்த அரை மணி வேண்டியிருந்தது. நண்பர் என்று சொல்ல எனக்கு அவருக்குப் பிறகு யாரும் வாய்க்கவில்லை. அந்த வீட்டு வாசலும் அடைபட்டுவிட்டால் அவரைப் பற்றிப் பேச எனக்கு வேறு இடமே கிடையாது.

போன வருஷம் அந்த நாளில் வழக்கம்போல ஐந்து மணிக்குப் போனேன். வாசல் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. டீச்சர் உள்ளிருந்து வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். சாவி எடுத்துவரவில்லை.

"காலையிலயே வாழ்த்திட்டீங்களே அண்ணா. அப்புறம் எதுக்கு வெயில்ல வந்தீங்க?"

"புரியலையே டீச்சர்."

அவர் தன் ஃபோனைக் கம்பி வழியாகக் காட்டினார். என் பெயரில் வந்திருந்தது. அவர் பெயர், அதற்கு முன்னால் நட்சத்திரம், அதன் கீழே இனிய திருமண நாள் வாழ்த்துகள், சுற்றிலும் பூக்கள். விரலால் தொட்டார். கல்யாண வீட்டுப் பாட்டு ஒன்று கிளம்பியது. மேலே அவர் கணவரின் டெனர், அடியில் என் பேஸ்.

"ஆறு மணிக்கு அடுப்புல பால் வெச்சிருந்தேன். அவர் குரல் கேட்டுச்சு. பால் பொங்கி வழிஞ்சதுகூடத் தெரியல" என்றார். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "இத்தனை வருஷமும் இப்படித்தானா அண்ணா? ஏதோ ஒரு மெஷின் சொல்லித்தான் வந்துக்கிட்டிருந்தீங்களா?"

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அங்கிருந்து நேராக மேற்குத் தாம்பரத்துக்கு ஆட்டோ பிடித்தேன். எனக்கு ஒரே ஒரு முகம்தான் கண் முன்னால் நின்றது. நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்டவர் பாய் ஒருவர்தான். அவர்தான் ஏதோ கை வைத்திருக்கிறார். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே ஃபோனைக் கண்ணாடி மேசையில் போட்டேன்.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க பாய்? இருக்கறபடி மாத்துங்கன்னுதானே சொன்னேன்? அன்னிக்கு அந்த ஸ்டாரப் பத்திக் கேட்டப்பவே எனக்குத் தெரியும், நீங்க எல்லாத்தையும் படிச்சிட்டீங்கன்னு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாய் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நின்றவர்களின் வேலையை ஒவ்வொன்றாக முடித்து அனுப்பினார். அதுவரை நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். பிறகு ஸ்டூலைக் காட்டினார்.

"உக்காருங்க சார். இன்னா ஆச்சு, சொல்லுங்க."

சொன்னேன். அவர் என் ஃபோனை எடுத்துப் பட்டியலைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

"ஸ்டார் போட்டது மவுத்தானவங்க வூடுதானே சார்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் ஓரிடத்தில் நிறுத்தி ஃபோனை என் பக்கம் திருப்பினார். மோதிரப் படம், நட்சத்திரம், பாய் என்ற சொல், ஒரு தேதி. நான் போட்டதுதான்.

"இது எங்க வூட்டம்மா போன நாளு. எங்க கல்யாண நாளு இது இல்ல, அது வேற தேதி. அன்னிக்கு மாத்தும்போதே பாத்தேன். அதனாலதான் கேட்டேன் சார், தனியா வெக்கணுமான்னு. நீங்க இருக்கறபடியே மாத்தச் சொல்லிட்டீங்க. இன்னும் நாலு மாசம் போனா எனக்கும் கல்யாண வாழ்த்து வந்திருக்கும்."

நான் குனிந்துகொண்டேன்.

"வருஷா வருஷம் அன்னிக்குத்தான் வாட்ச எடுத்துக்கினு வருவீங்க. மொத ரெண்டு வருசம் எனக்கு வெளங்கல. நல்லா ஓடிக்கினு இருக்கிற செல்லு. கயட்டி, தொடச்சி, அதையே திரும்பிப் போட்டுக் குடுப்பேன். நீங்க கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போவீங்க. நீங்களும் ஒண்ணும் சொல்லல, நானும் ஒண்ணும் கேக்கல."

வெட்கமாக இருந்தது. முப்பது வருஷம் உறையைப் பார்த்தே ஆளைப் பிடித்தவன், எதிரில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பிடிக்கத் தவறிவிட்டேன். அவர் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் டீச்சர் வீட்டில் பால் பொங்கி வழிந்திருக்காது. மன்னிச்சிடுங்க பாய் என்றேன். "வுடுங்க சார், டீ சொல்றேன்" என்றார்.

வாழ்த்து ஆப்பை முதலில் எடுத்துப்போட்டார். நட்சத்திரம் போட்ட இருபத்துமூன்று பெயர்களையும் நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, இறந்தவர் யார் என்று கேட்டு, தனிப் பட்டியலில் ஏற்றினார். நல்லவேளை, ஆப் போட்ட பிறகு அவற்றில் தேதி வந்தது டீச்சருக்கு மட்டும்தான். நண்பரின் பெயர் வந்தபோது கையை நிறுத்தினார்.

"நான் வந்து அந்தம்மாகிட்ட சொல்றேன் சார். கடையில மாத்தும்போது தப்பாப்பூடுச்சின்னு. நீங்க ஏன் கெட்ட பேர் வாங்கணும்?"

உண்மையைச் சொன்னால், கொஞ்ச நேரம் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அவர் சொன்னால் டீச்சர் நம்பிவிடுவார், கதவும் திறந்துவிடும். டீ ஆறும்வரை யோசித்துவிட்டு, வேண்டாம் பாய், நானே போகிறேன் என்றேன்.

மறுநாள் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். மோதிரப் படம், நட்சத்திரம், மகள் போட்ட ஆப், பாய் கேட்டதும் நான் எரிந்து விழுந்ததும். டீச்சர், மாணவன் சொல்கிற காரணத்தைக் கேட்பதுபோல முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டார்.

"மெஷின் சொல்லித்தான் வந்தீங்களான்னு கேட்டேன். அதுக்குப் பதில் சொல்லலையே" என்றார்.

"தெரியல டீச்சர்" என்றேன். அதுதான் உண்மை. நண்பர் போன முதல் வருஷத்திலிருந்தே அந்த நாள் காலையில் டைரி கீச்சென்று கத்தும். அது கத்தாமல் இருந்திருந்தால் எனக்கு ஞாபகம் வந்திருக்குமா? அதை நான் சோதித்துப் பார்த்ததே இல்லை.

"அந்தத் தேதிய எல்லாத்துல இருந்தும் எடுத்துடுங்க அண்ணா. உங்களுக்கா ஞாபகம் வந்தா அடுத்த வருஷம் வாங்க. இல்லன்னா வராதீங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

எடுத்துவிட்டேன். காலண்டரில் குறிக்கவில்லை, மனைவியிடமும் ஞாபகப்படுத்தாதே என்று சொல்லிவைத்தேன். அந்த வருஷம் முழுக்க நான் சந்தேகப்பட்டது என்னைத்தான். ஒவ்வொரு மாதமும் தேதியை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். பிறகு, இப்படிச் சொல்லிப் பார்ப்பது ஏமாற்றுவேலையோ என்று தோன்றும். கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவனுக்கு இதில் மட்டும் எத்தனை முறை இழுத்தாலும் போதவில்லை.

இந்த வருஷம் அந்த நாள் வந்தது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் என்று பளிச்சென்று தோன்றியது. பிரஷ் வாயில் இருக்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் சொல்லவில்லை, எதுவும் கத்தவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

ஆறு மணிக்கு ஃபோன் ஒளிர்ந்தது. நான் ஒன்றையும் தொடவில்லை. திரையில் என் நண்பரின் முகம். டீச்சர் அவர் படத்தைப் புதிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்த வருஷம் நான் பிடித்த ஃபோட்டோ அது. இரண்டு வருஷங்களுக்கு முன் இதே நாளில், நினைவிருக்கிறதா என்று அதன் கீழே எழுதியிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அலமாரிக்குள் போட்டுப் பூட்டினேன். தேதியை அழித்துவிட்டேன், ஃபோட்டோவை மறந்துவிட்டேன். எனக்காக எதையும் விட்டுவைக்க மாட்டாயா என்று அலமாரியைப் பார்த்துக் கேட்டேன். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஐந்து மணிக்கு ஃபோன் இல்லாமல் சேலையூர் போனேன். டீச்சர் வாசலுக்கு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன்.

"டீச்சர், ஒண்ணு சொல்லிடறேன். நாலரைக்குப் பல் தேய்க்கும்போது நானாத்தான் நெனச்சேன். ஆனா ஆறு மணிக்கு அந்தப் பாழாப்போன ஃபோன் அவர் படத்தக் காட்டிடுச்சு. நாலரைக்கு நெனச்சதுக்கு என்கிட்ட சாட்சி கிடையாது. நீங்க நம்பலன்னா இப்படியே போயிடறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உதட்டோரம் லேசாக அசைந்தது.

"சாட்சி யார் கேட்டா? அடுப்புல பால் இருக்கு, பொங்கிடும். உள்ள வாங்கண்ணா."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு உள்ளே போய்விட்டார். சாவியோடு வருவார் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கதவைத் தள்ளிப் பார்க்கத் தோன்றியது. அது பூட்டியே இருக்கவில்லை.